ஏற்காட்டில் நாய் தொலைந்ததா? ‘தேடித் தருகிறோம்’ என்று போன் வந்தால் பணம் அனுப்பாதீர்கள்

சேலம், ஏற்காடு பக்கம் நாய் வளர்ப்பவர்களும் விடுமுறைக்கு நாயோடு மலையேறுபவர்களும் இதை முழுதாகப் படித்துவிடுங்கள். தொலைந்த நாயைக் கண்டுபிடித்துத் தரும் குழு என்று சொல்லிக்கொண்டு, போஸ்டரில் இருந்த எண்ணுக்குப் பேசிய ஓர் ஆள், சேலத்துக் குடும்பம் ஒன்றிடம் ஐந்து தவணையாக 17,500 ரூபாய் வாங்கியிருக்கிறார். பணத்தைவிடப் பெரிய சேதம் வேறு. ஆறாம் நாளே கிடைத்திருக்க வேண்டிய நாய், அவர் செய்த காரியத்தால் இன்னும் பதினோரு நாள் மலையில் கிடந்தது. குடும்பத்தாரின் சம்மதத்தோடு, பெயர்களை விட்டுவிட்டு எழுதுகிறோம்.

இரண்டு வயதுப் பெட்டை நாட்டு நாய், 14 கிலோ எடை. தெருவிலிருந்து எடுத்து வளர்க்கத் தொடங்கி நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. ஏற்காட்டில் காரை ஓரம் கட்டிக் கதவைத் திறந்த நேரத்தில் பக்கத்தில் ஒரு சுற்றுலா வேன் ஏர் ஹாரன் அடித்திருக்கிறது. நாய் கழுத்துப் பட்டையிலிருந்து தலையை உருவிக்கொண்டு காப்பித் தோட்டத்துக்குள் பாய்ந்துவிட்டது. வீட்டார் நால்வரும் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டே பின்னால் ஓடினார்கள். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டோம்.

ஆனால் மிரண்ட நாய்க்கு அது வேறு மாதிரி கேட்கிறது. பயம் தலைக்கேறிய நாய் இரண்டு மூன்று நாளில் தன்னைக் காப்பாற்றிக்கொள்வதை மட்டுமே யோசிக்கும் நிலைக்குப் போய்விடும். அந்த நிலையில் எஜமானரைத் தூரத்தில் பார்த்தாலும் அடையாளம் தெரியாது. நேராக நடந்து வரும் உருவம், உரத்த குரல், கண்ணுக்குக் கண் பார்க்கிற பார்வை, எல்லாமே துரத்தல்தான் அதற்கு. காற்று வாக்கில் நம் வாசனை போய்ச் சேர்ந்த பிறகுதான் புத்தி திரும்பும். அதுவரை அது ஒளியும், ஆள் அரவம் அடங்கிய பிறகு நடக்கும், தண்ணீரும் சோறும் கிடைக்கிற ஒரே இடத்தைச் சுற்றிக்கொண்டிருக்கும். யாரும் துரத்தாவிட்டால் அந்த வட்டத்தை விட்டு எளிதில் போகாது. பிடிப்பதற்கான வழி முழுவதும் இந்த ஒரு விஷயத்தில் இருக்கிறது. அந்த ஆள் பணம் வாங்கிச் செய்தது ஒவ்வொன்றும் அந்த வட்டத்தைக் கலைக்கிற வேலை.

முதலில் ‘பதிவுக் கட்டணம்’ 4,000. அடுத்து சிப்பை வைத்துச் செயற்கைக்கோளில் இடம் பார்க்க 2,500. இதை நம்பாதீர்கள். நாயின் தோலுக்கடியில் வைக்கிற சிப் அரிசி மணி அளவுதான் இருக்கும். அதில் பேட்டரி கிடையாது, ஜிபிஎஸ் கிடையாது. ரீடரைத் தோள்பட்டைக்கு அருகில், சில சென்டிமீட்டர் தூரத்தில் பிடித்தால் 15 இலக்க எண் ஒன்றைக் காட்டும், அவ்வளவே. பிடித்த நாய் யாருடையது என்று நிரூபிக்க உதவும். ஓடிய நாய் எங்கே என்று சொல்லாது. இடம் காட்ட வேண்டுமானால் சிம் போட்ட ஜிபிஎஸ் பட்டை வேண்டும். அதற்கும் சார்ஜும் சிக்னலும் வேண்டும். மலையின் பள்ளங்களில் சிக்னலை நம்ப முடியாது.

பிறகு வெப்பக் கேமரா வைத்த டிரோன் என்று 5,000. வெட்டவெளியில், வயலில், ஏரிக்கரையில் அது பயன்படும். ஏற்காட்டுக் காப்பித் தோட்டம் அப்படியல்ல. மேலே சில்வர் ஓக்கும் பலாவும், அதில் ஏறிய மிளகுக்கொடியும், அடியில் இடுப்பளவு காப்பிச் செடியும். இலையை ஊடுருவி வெப்பக் கேமரா பார்க்காது, மேலே இருக்கிற இலையின் சூட்டைத்தான் காட்டும். அதிலும் மூடுபனி நேரத்தில் ஒன்றுமே தெரியாது. சத்தமோ கீழே பதுங்கியிருக்கும் நாயைக் கிளப்பிவிடும். இந்த ஆள் டிரோனைக் கொண்டுவரவே இல்லை. வேறெங்கோ எடுத்த வீடியோவை அனுப்பியிருக்கிறார். காட்சியில் தென்னை மரம் வரிசையாக நிற்கிறது.

‘பசங்க கண்ணுல பட்டுருச்சுங்கண்ணா, வலை வாங்கோணும், ஒரு மூவாயிரம் போட்டு உடுங்க.’ அது நான்காவது தவணை. வலை சந்துக்குள் சிக்கிய தெருநாய்க்குச் சரிப்படலாம், அதுவும் பழகிய கை வேண்டும். திறந்த தோட்டத்தில் முதல் வீச்சு தவறினால் நாய் அந்த இடத்துக்குத் திரும்பவே திரும்பாது.

ஆட்களை வைத்துத் தேட என்று வாங்கிய ஐந்தாவது 3,000 தான் காரியத்தைக் கெடுத்தது. இரண்டாம் நாளிலிருந்தே நாகலூர் சாலைப் பக்கம் ஒரு எஸ்டேட்டின் தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளுக்குப் பின்னால், விடியும் முன்பு அந்த நாய் வந்துபோய்க்கொண்டிருந்தது. அங்கிருந்த ஒரு அம்மா பழைய சோறு வைத்திருக்கிறார். ஐந்தாம் நாள் போஸ்டரைப் பார்த்து அவரே போன் செய்து சொல்லியிருக்கிறார். அந்தத் தகவலை வீட்டார் நம்பிக்கையோடு அந்த ஆளிடம் சொல்ல, ஆறாம் நாள் இரவு டார்ச்சும் விசிலுமாக ஆறு பேர் தோட்டத்தைச் சல்லடை போட்டார்கள். நாய் அந்த இரவே மலையின் மறுபக்கம், குப்பனூர் சாலை இறங்குகிற பக்கம் போய்விட்டது. மறுநாளிலிருந்து அந்த ஆள் போனை எடுக்கவில்லை.

அந்த அம்மாவின் தகவல் வந்த நிமிடத்தில் செய்திருக்க வேண்டியதை இங்கே சொல்லிவிடுகிறோம், ஏனென்றால் பிறகு அந்த நாயை மீட்டதும் இதே வழியில்தான்.

பார்த்த இடத்துக்குப் படையெடுக்கக் கூடாது. சோறு வைப்பவரே தொடர்ந்து வைக்கட்டும். அதே இடம், அதே நேரம், அதே ஆள். வேறெங்கும் யாரும் உணவு போடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நான்கு இடத்தில் தின்னும் நாயை ஒரு கூண்டுக்கு வரவழைக்க முடியாது. எஸ்டேட் ரைட்டரையோ (கணக்கர்) மேஸ்திரியையோ பார்த்து அனுமதி வாங்குங்கள், ஆட்களிடம் ‘பார்த்தால் கூப்பிடாதீங்க, எந்தப் பக்கம் போச்சுன்னு மட்டும் சொல்லுங்க’ என்று கேட்டுக்கொள்ளுங்கள். விடியலில் வேலைக்கு இறங்குபவர்களின் கண்ணுக்கு ஈடாக எந்தக் கருவியும் இல்லை. பன்றிக்குச் சுருக்குக் கம்பி, மின்வேலி எதுவும் இருக்கிறதா என்பதையும் அப்போதே விசாரித்துவிடுங்கள். காப்புக்காட்டு எல்லை என்றால் வனத்துறையிடம் சொல்லாமல் உள்ளே கால் வைக்க வேண்டாம். அந்தி, விடியல் நேரத்தில் காட்டுமாடு நிற்கும், தனியாக நடக்காதீர்கள்.

சோறு வைக்கும் இடத்தை நோக்கி, எட்டு பத்தடி தள்ளி, முழங்கால் உயரத்தில் இரவிலும் படமெடுக்கும் கேமரா ஒன்றைக் கட்டுங்கள். ஓரிரு இரவில் நேரம் பிடிபட்டுவிடும். வருவது உங்கள் நாய்தானா, மரநாயா, பன்றியா என்பதும் தெரியும்.

கூண்டு இந்த அளவு நாய்க்கு நான்கடி நீளம், 20 அங்குல அகலம், 26 அங்குல உயரத்துக்குக் குறையக் கூடாது. குட்டையான கூண்டில் நாய் மிதிதட்டை (மிதித்ததும் கதவை விழவைக்கும் தகடு) மிதிக்கும்போது வால் இன்னும் வாசலில் இருக்கும், கதவு முதுகில் விழும். கம்பிச் சந்து ஓர் அங்குலத்துக்கு மேல் இருந்தால் கடித்துப் பல்லை உடைத்துக்கொள்ளும். விழுந்த கதவை உள்ளிருந்து மூக்கால் தூக்க முடியாதபடி கொண்டி தானாக விழ வேண்டும். இதைச் சரிபார்க்காமல் விட்டுப் பிடிபட்ட நாய் நழுவினால், இரண்டாவது முறை கூண்டுக்குள் தலை நீட்டாது.

கொண்டுபோய் வைத்த அன்றே பொறியைப் போடாதீர்கள். கதவைக் கயிற்றால் தூக்கிக் கட்டிவிட்டு, அடிக்கம்பி காலில் படாதபடி மண்ணும் சருகும் பரப்புங்கள். சாக்கால் மேலும் பக்கமும் மூடி, பின்முனையை மட்டும் வெளிச்சம் தெரிய விடுங்கள். முட்டுச் சந்து போல் தெரிந்தால் நாய் நுழையாது. முதல் நாள் சோறு வாசலில், அடுத்த நாள் நடுவில், அதற்கடுத்து மிதிதட்டுக்கு அப்பால். நெருப்பில் வாட்டிய கருவாடு, ஆட்டு ஈரல், கோழிக் குடல் போல வாசனை தூரம் போகிற எதுவும் நல்லது. வீட்டில் அதிகம் பழகியவர் உடுத்திய, துவைக்காத சட்டை ஒன்றைக் கடைசியில் போடுங்கள். கடைசிவரை போய்ப் பயமில்லாமல் தின்கிறது என்று கேமராவில் பார்த்த பிறகு பொறி.

பொறி போட்டால் காவல் வேண்டும். ஐம்பது மீட்டருக்கு அப்பால், காருக்குள், விளக்கணைத்து. கூண்டை விட்டுவிட்டு வீட்டுக்குப் போவது கொடுமை. வெயில் ஏறினால் சில மணி நேரத்தில் உயிர் போய்விடும். ஏற்காட்டில் பகலில் பொறி போட்டால் குரங்குதான் விழும். அதனால் இருட்டியபின் போட்டு, விடிந்ததும் கதவைத் தூக்கிக் கட்டிவிடுவது நல்லது.

விழுந்த பிறகு சந்தோஷத்தில் அங்கேயே கதவைத் திறந்துவிடுகிறார்கள். எத்தனையோ நாய்கள் இரண்டாம் முறை தொலைவது அப்படித்தான். கூண்டை முழுதாக மூடி, அப்படியே வண்டியில் ஏற்றி, சன்னல் கதவெல்லாம் சாத்திய அறைக்குள் வைத்த பிறகுதான் திறக்க வேண்டும்.

கூண்டு கிடைக்காத நேரத்தில் நாய் கண்ணெதிரே வந்துவிட்டால், அப்படியே தரையில் உட்கார்ந்துவிடுங்கள். பக்கவாட்டில் திரும்பி, அதைப் பார்க்காமல், பிஸ்கட் பாக்கெட்டைச் சரசரவென்று பிரித்துத் துண்டு துண்டாகப் போடுங்கள். பெயரைச் சொல்ல வேண்டாம். ஒரு மணி நேரம் ஆனாலும் அதுவே வந்து மேலே சாயட்டும். கை எட்டுகிறதே என்று பட்டையைத் தாவிப் பிடிக்காதீர்கள். மீறிக் கடி பட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனையில் ஊசியைத் தொடங்கிவிடுங்கள். சொந்த நாய்தானே என்று விட வேண்டாம்.

மயக்க ஊசித் துப்பாக்கி வைத்திருப்பதாகவும் அந்த ஆள் பேசியிருக்கிறார். நல்லவேளை, குடும்பத்தார் அதற்குச் சம்மதிக்கவில்லை. கால்நடை மருத்துவர் இல்லாமல் யாரும் அதைத் தொடக் கூடாது. மருந்து ஏறப் பத்து நிமிடமோ அதற்கு மேலோ ஆகும், பயந்த உடம்பில் இன்னும் தாமதிக்கும். அதற்குள் நாய் எந்த ஓடையிலோ, கொண்டை ஊசி வளைவிலோ போய் விழும். மயக்கத்தில் உடம்புச் சூடு இறங்கும், மலைக் குளிரில் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் செத்தே போகலாம். சோற்றில் தூக்க மாத்திரை கலப்பதும் இதே ஆபத்துதான். எந்த உயிர் அதைத் தின்னும் என்பது நம் கையில் இல்லை.

இனி போன் மோசடி. போஸ்டர் ஒட்டிய இரண்டு நாளில் இந்தக் குடும்பத்துக்கு வேறு மூன்று அழைப்புகளும் வந்திருக்கின்றன. ஒருவர் நாய் அடிபட்டு ஆபரேஷனில் இருப்பதாகச் சொல்லிப் பணம் கேட்டார். அப்படிச் சொன்னால் மருத்துவமனையின் பெயரைக் கேட்டு, அதன் எண்ணை நீங்களே தேடிப் பேசுங்கள். இன்னொருவர் ‘நீங்கள்தான் உரிமையாளரா என்று பார்க்க உங்கள் போனுக்கு ஒரு குறியீட்டு எண் அனுப்பியிருக்கிறேன், சொல்லுங்கள்’ என்றார். அந்த ஆறு இலக்க எண்ணைச் சொன்னால் உங்கள் வாட்ஸ்அப் அவர் கைக்குப் போய்விடும். மூன்றாமவர், கட்டிய முன்பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொல்லி க்யூஆர் கோடு அனுப்பினார். பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் தேவையே இல்லை. பின் கேட்டால் உங்கள் கணக்கிலிருந்து போகிறது என்று பொருள்.

இவர்களைப் பிரித்தறிய ஒரு வழி இருக்கிறது. போஸ்டரில் ஓர் அடையாளத்தை வேண்டுமென்றே மறைத்து வையுங்கள். பின்னங்கால் நகம் ஒன்று வெள்ளை, நாக்கில் கரும்புள்ளி, இப்படி ஏதாவது. பிடித்து வைத்திருக்கிறேன் என்பவர் அதை வீடியோ அழைப்பில் காட்டட்டும். வெறும் படம் போதாது, நீங்கள் போட்ட படத்தையே வெட்டித் திருப்பி அனுப்புவார்கள். சன்மானத் தொகையையும் அச்சிடாதீர்கள். பெரிய தொகையைப் பார்த்தால் பையன்கள் வண்டியில் துரத்துவார்கள். பளிச்சென்ற மஞ்சள் அட்டையில் பெரிய படம், ‘துரத்தாதீர்கள், கூப்பிடாதீர்கள், போன் செய்யுங்கள்’, எண். ஓடுகிற பஸ்ஸிலிருந்து படிக்க முடிய வேண்டும். அடிவாரச் சோதனைச்சாவடி, ஏரிப் பக்கக் கடைகள், எஸ்டேட் டீக்கடைகள் முக்கியம். நாய் ஓடிய இடத்தில் முதல் இரவு ஒருவர் அமைதியாக உட்கார்ந்திருந்தால் நல்லது, மிரண்டு ஓடியவை பல அங்கேயே திரும்பி வந்து பார்க்கும்.

பணம் போய்விட்டால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் பேசுங்கள். அடுத்த கணக்குக்கு மாறுவதற்குள் சொன்னால்தான் முடக்க வழி உண்டு. ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் வங்கி தரும் 12 இலக்க யுடிஆர் அடையாள எண்ணும், உரையாடலின் ஸ்கிரீன்ஷாட்டும் தேவை. இந்தக் குடும்பத்தார் வெட்கப்பட்டு இரண்டு வாரம் கழித்துத்தான் புகார் கொடுத்தார்கள். ஏமாற்றியவரைச் சேர வேண்டிய வெட்கம் அது. பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 318ஆம் பிரிவின்படி இது குற்றம்.

நாய் பதினேழாம் நாள் கூண்டில் விழுந்தது. நான்கு கிலோ இளைத்து, காதுக்குள் உண்ணியும் பாதத்தில் வெடிப்புமாக இருந்தது. பட்டினி கிடந்த நாய்க்கு ஒரே வேளையில் வயிறு நிறையப் போடக் கூடாது, கொஞ்சம் கொஞ்சமாக நாலைந்து வேளை. இரண்டு வாரத்துக்கு வாசல் தாண்டும்போதெல்லாம் கழுத்தில் ஒன்று, மார்புப் பட்டையில் ஒன்று என்று இரண்டு கயிறு. நாய் வீட்டுக்கு வந்ததும் போஸ்டர்களை மறக்காமல் கழற்றிவிடுங்கள். நகலெடுத்து வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் அந்த எண்ணுக்குப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள்.