மார்க் 4-ஆ, பக் மார்க்கா: துடைக்கிற கையைக் கேட்டுப் பாருங்கள்

ஆறு வாரம், ஏறத்தாழ 700 தோட்டா. புதிதாக வாங்கிய ரூகர் மார்க் 4 டார்கெட் பிஸ்டலோடு எனக்குள்ள பழக்கம் இவ்வளவுதான். வாங்குவதற்கு முந்தைய நாள்வரை அதோடு போட்டியில் நின்றது பிரௌனிங் பக் மார்க். நண்பரிடம் ஒன்று இருக்கிறது. இரண்டு மாலை வாங்கிச் சுட்டேன், 300 தோட்டாவுக்கு மேல் இருக்காது. எனவே இந்த ஒப்பீட்டில் தராசு ஒரு பக்கம் சாய்ந்துதான் இருக்கும். வாங்கியவன் தான் வாங்கியதைத்தான் புகழ்வான், அதையும் கழித்துக்கொண்டு படியுங்கள்.

பொதுவானதை முதலில் முடித்துவிடலாம். இரண்டும் .22 எல்ஆர் என்ற சின்னத் தோட்டா போடும் செமி ஆட்டோமேட்டிக் (ஒன்று சுட்டதும் அடுத்ததைத் தானே ஏற்றிக்கொள்ளும்) பிஸ்டல்கள். மேகசினுக்கு 10 தோட்டா. நான் சுட்ட இரண்டிலும் 5.5 அங்குலக் கனத்த பேரல். எடை ஒரு கிலோவை ஒட்டி வரும். பேரல் அசையாமல் நிற்கும், பின்னுக்கு ஓடித் திரும்புவது ரூகரில் குழாய்க்குள் இருக்கும் போல்ட், பக் மார்க்கில் குட்டையான ஸ்லைடு. உதைப்பு என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. துல்லியத்தில் இரண்டுமே என் கைக்கு அதிகம். 15 மீட்டரில் ஓட்டைகள் சிதறியிருந்தால் குற்றம் என் மணிக்கட்டில்தான்.

ட்ரிக்கரில் பக் மார்க் ஜெயிக்கிறது, சந்தேகமே இல்லை. பெட்டியிலிருந்து எடுத்த நிலையிலேயே அதன் ட்ரிக்கர் கண்ணாடிக் குச்சி ஒடிவதுபோல் பட்டென்று விடும். மார்க் 4-ல் கொஞ்சம் இழுக்க வேண்டும், விடுவதற்கு முன் லேசாக நகர்வதும் விரலுக்குத் தெரிகிறது. 700 தோட்டாவில் அது பழகிவிட்டது. ஆனால் நண்பருடையதை எடுத்து ஒரு மேகசின் சுட்டுவிட்டு என்னுடையதற்குத் திரும்பினால், முதல் ஐந்து தோட்டா கீழே போகிறது. ரூகருக்கு வேறு ட்ரிக்கர் வாங்கிப் போட்டுக்கொள்ளலாம் என்கிறார்கள். இன்னும் போடவில்லை.

பிடியில் இருவருக்கு இரண்டு பதில் வரும். மார்க் 4-ன் பிடி, பழைய ஜெர்மன் பிஸ்டலான லூகர்போல் நன்றாகச் சாய்ந்தது. 1911 என்ற அமெரிக்க பிஸ்டல் வகையின் நிமிர்ந்த பிடியில் கை பழகியவர்கள் இதைத் தூக்கினால், பேரல் நுனியிலுள்ள முன்சைட் மேலே போய் நிற்கும். பக் மார்க் அவர்களுக்கு உடனே பொருந்தும். ரூகரே வேண்டும் என்றால், அந்தச் சாய்வைக் குறைத்து 22/45 என்று ஒரு கிளை இருக்கிறது. எனக்குப் பழைய பழக்கம் எதுவும் இல்லாததால் லூகர் சாய்வு உறுத்தவில்லை.

இனி நான் ஏன் மார்க் 4 எடுத்தேன் என்பது. ஒரே காரணம்: துடைப்பது.

.22 எல்ஆர் எவ்வளவு அழுக்கு என்பது, பெரிய தோட்டா மட்டுமே சுட்டவர்களுக்கு முதலில் நம்ப முடியாது. 1887-ல் வந்த தோட்டா அது, இன்றும் அடிப்படை மாறவில்லை. குண்டின் அடிப்பாகம் மட்டும் சிறுத்து, மருந்து இருக்கும் குப்பிக்குள் செருகியிருக்கும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பாகம் குப்பியின் அதே பருமன். பெரும்பாலும் வெறும் ஈயம், அல்லது மேலே மெல்லிய செம்புப் பூச்சு. ஈயம் பேரலில் ஒட்டாமல் இருக்க மேலே மெழுகோ கிரீஸோ தடவியிருப்பார்கள். தோட்டாவைத் தொட்டாலே விரல் வழுக்கும். அந்த மெழுகு, எரியாத மருந்துத் துகள், கரி, ஈயத் தூள் எல்லாம் சேர்ந்து ஒரு கருப்புப் பிசினாகிறது.

அது போய் உட்காரும் இடமும் தொல்லையான இடம். இவை புளோபேக் முறையில் இயங்குபவை. போல்ட்டைப் பூட்டி வைக்க எதுவும் இல்லை. அதன் எடையும் ஸ்பிரிங்கும்தான் அதை ஒரு கணம் தாமதப்படுத்துகின்றன. குப்பி பின்னால் தள்ளப்படும்போதே வாயுவும் கொஞ்சம் அழுக்கோடு பின்னால் வருகிறது. சேம்பர் (தோட்டா உட்காரும் அறை) வாய், காலிக் குப்பியை இழுத்தெடுக்கும் எக்ஸ்ட்ராக்டர் கொக்கியின் அடி, போல்ட்டின் முகம் எல்லாவற்றிலும் படியும். சேம்பருக்குள் பிசின் ஏறினால் தோட்டா முழுதாக உட்காராது. தோட்டாவை வெடிக்க வைக்கும் ஃபயரிங் பின் அடிக்கும் அடியில் ஒரு பங்கு தோட்டாவை உள்ளே தள்ளுவதிலேயே செலவாகிவிடும், சத்தமே வராது. நான் மலிவாக மொத்தமாக வாங்கிய ஒரு தோட்டாப் பெட்டியில் இது 250-ஐத் தாண்டியதும் ஆரம்பித்தது. துடைத்துவிட்டு அதே பெட்டியைத் தொடர்ந்தேன், நின்றுவிட்டது.

சரி, துடைக்க வேண்டுமென்றால் பிரிக்க வேண்டும். இங்கேதான் ரூகருக்குப் பழைய கெட்ட பெயர். 1949-ல் வில்லியம் ரூகரும் அலெக்சாண்டர் ஸ்டர்மும் கம்பெனி தொடங்கியபோது விற்ற முதல் துப்பாக்கியே இந்த வரிசையின் மூத்தது. அன்றிலிருந்து மார்க் 3 வரை பிரிக்கும் முறை ஒன்றேதான்: பிடியின் பின்புறம் மடிந்திருக்கும் ஒரு தாழ்ப்பாளை நெம்பித் திறந்து, மெயின்ஸ்பிரிங் கூட்டை வெளியே இழுக்க வேண்டும். பிரித்துவிடலாம். திரும்பச் சேர்க்கும்போது, ஃபயரிங் பின்னை அடிக்கும் ஹாமரோடு தொங்கும் குச்சி சரியான குழிக்குள் விழ, துப்பாக்கியை இப்படிச் சாய், அப்படிக் கவிழ், ட்ரிக்கரை அழுத்து, மேகசினைப் போடு, எடு என்று ஒரு சடங்கு. ரப்பர் சுத்தியலோடு உட்கார்ந்தவர்கள் உண்டு. பிரித்துப் பையில் போட்டு, அப்படியே துப்பாக்கி பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோனவர்களும் உண்டு.

2016-ல் வந்த மார்க் 4 இந்தச் சடங்கை ஒரே பொத்தானில் முடித்துவிட்டது. மேகசினை எடுத்து, சேம்பர் காலியா என்று கண்ணாலும் விரலாலும் பார்த்து, ஹாமரை ஏற்றி, சேஃப்டியைப் போட வேண்டும். போடாமல் பொத்தான் அழுந்தாது. ஃபிரேமின் பின்னால் இருக்கும் அந்தப் பொத்தானை அழுத்தினால் மேல்பகுதி முழுவதும் முன்கீலில் அப்படியே எழும்பி வருகிறது. போல்ட் பின்பக்கமாக வழுக்கி விழும், பிடித்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான், பிரித்தாயிற்று. எந்த இடத்திலும் ட்ரிக்கரைத் தொட வேண்டியதில்லை என்பதை நான் பெரிய விஷயமாக எடுத்துக்கொள்கிறேன். பேரலைப் பின்பக்கமிருந்தே துடைக்கலாம், அதனால் கம்பி முன்வாயில் உரசி அந்த விளிம்பைத் தேய்க்காது. மாட்டுவதும் அதே வழிதான்: முன்னால் கொக்கியை மாட்டி, மேலிருந்து அழுத்தினால் டக்கென்று பூட்டிக்கொள்ளும். முதல் தடவை நான் இரண்டு நிமிடம் எடுத்தேன், இப்போது பத்து விநாடி.

பக் மார்க்கைப் பிரிக்க ஆலன் கீ வேண்டும். மேலே பின்சைட் உட்கார்ந்திருக்கும் பட்டையைப் பிடித்திருக்கும் திருகுகளைக் கழற்ற வேண்டும், அதற்கடியில் பொடிப்பொடி வாஷர்கள். அப்புறம்தான் ஸ்லைடு, ஸ்பிரிங், அதன் கம்பி, ஒரு சின்னப் பிளாஸ்டிக் பஃபர். கஷ்டமான வேலை என்று சொல்ல மாட்டேன், திருகாணி பிடிக்கத் தெரிந்தால் போதும். என் கையவசரத்தில் ஒரு வாஷர் மேசைக்கடியில் உருண்டு, டார்ச் அடித்துத் தேடினேன். அது என் தப்பு.

ஆனால் என்னை நிறுத்தியது வாஷர் இல்லை, சைட். குறி பார்க்கும் பின்சைட் எதன்மேல் நிற்கிறதோ அதையே கழற்றித்தான் உள்ளே போக முடிகிறது. திரும்ப மாட்டும்போது திருகு முன்பு இருந்த அதே இறுக்கத்தில் இல்லையென்றால் குறி கொஞ்சம் நகர வாய்ப்பு உண்டு. தளர்ந்திருந்தால் சுடச்சுட இன்னும் தளரும். ரெட் டாட் (சிவப்புப் புள்ளி காட்டும் குறிக்கண்ணாடி) மாட்டுபவர்களுக்கும் இதே கதைதான், அதுவும் அந்தப் பட்டையின்மேல்தான் உட்காரும். மார்க் 4-ல் பேரலும் ரிசீவரும் இரண்டு சைட்டும் ஒரே துண்டாக எழும்பி வருகின்றன. எத்தனை தடவை பிரித்தாலும் குறி இருந்த இடத்திலேயே இருக்கிறது. மாலையில் துடைத்துவிட்டு மறுநாள் காலை ரேஞ்சில் போய் நின்றால், முதல் தோட்டா எங்கே போகும் என்று யோசிக்க வேண்டியதில்லை.

நண்பர் இதை ஒத்துக்கொள்ளவில்லை. "துடைக்கிறதுக்காகவா துப்பாக்கி வாங்குன?" என்றார். அவருடைய பக் மார்க்கை அவர் முழுதாகப் பிரிப்பதே இல்லையாம். ஸ்லைடைப் பின்னால் நிறுத்தி, பழைய பல் பிரஷ்ஷால் முகத்தைத் தேய்த்து, பேரலில் ஒரு துணி இழுத்து, சொட்டு எண்ணெய் விட்டு வைத்துவிடுகிறார். ஓடுகிறது. அவரளவுக்கு நான் சுட்டதில்லை என்பதால் பெரிதாக வாதாடவும் முடியவில்லை. அடிக்கடி பேரலைத் துடைப்பதால்தான் .22 கெடுகிறது என்று அடித்துச் சொல்பவர்களும் உண்டு. இருந்தாலும் எளிதாகத் திறக்கக்கூடியதைத்தான் நான் திறப்பேன், எனக்கு என் சோம்பல் தெரியும். எந்தத் துப்பாக்கியைத் துடைத்தாலும் பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவாமல் வாய்ப்பக்கம் கொண்டுபோகாதீர்கள், அந்தக் கருப்பில் ஈயம் இருக்கிறது.

மார்க் 4-லும் கவனிக்க வேண்டியது இருக்கிறது. பழையது வாங்குபவர்கள் முதலில் சீரியல் எண்ணைப் பாருங்கள். 2017 ஜூன் 1-க்கு முன் செய்தவற்றை ரூகர் திரும்ப அழைத்தது. சேஃப்டி இரண்டு நிலைக்கும் நடுவில் நிற்கும்போது ட்ரிக்கரை அழுத்திவிட்டு, பிறகு சேஃப்டியை எடுத்தால் சுட்டுவிடக்கூடும் என்பது காரணம். 401 அல்லது டபிள்யூபிஆர் என்று தொடங்கும் எண்கள் அந்த வரிசை. சரிசெய்யப்பட்டதா என்று உறுதியாகத் தெரியாமல் தோட்டா போடாதீர்கள். இன்னொன்று, போல்ட்டை மேலும் பிரிக்கத் தொடங்கினால் உள்ளே ஃபயரிங் பின்னைத் தடுத்து நிறுத்தும் ஒரு சின்ன முள் வரும். அதை மறந்துவிட்டு மாட்டி, தோட்டா இல்லாமல் வெறுமனே ட்ரிக்கரை அழுத்திப் பழகினால், ஃபயரிங் பின் நேராகப் போய்ச் சேம்பர் விளிம்பைக் குத்திப் பள்ளமாக்கும்.

இந்த இரண்டையும் தவிர மூன்றாவதாக ஒரு துப்பாக்கி உண்டு, ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் விக்டரி, அதுவும் 2016-ல்தான் வந்தது. ஒரே திருகில் பிரியும், பேரலை மாற்றிக்கொள்ளலாம். கையில் பிடித்துப் பார்த்தேன், சுட்டதில்லை, அதனால் அதைப் பற்றி இதற்கு மேல் எழுத மாட்டேன்.

இப்போது ரேஞ்சில் எங்களுக்குள் ஓர் ஏற்பாடு. கடைசி இரண்டு மேகசினை அவருடைய பக் மார்க்கில் நான் சுடுவேன், அந்த ட்ரிக்கருக்காக. அந்த நேரத்தில் அவர் என் மார்க் 4-ஐப் பொத்தான் அழுத்தித் திறந்து திறந்து மூடிக்கொண்டிருப்பார்.