சென்னை தாழ்தளப் பேருந்து: வண்டி பாஸ், ஸ்டாப்பிங் ஃபெயில்

சென்னை மாநகர் போக்குவரத்துக் கழகத்தின் இப்போதைய தாழ்தளப் பேருந்துகள் 2024 ஆகஸ்டில் ஓட ஆரம்பித்தன. 2025 ஜூன் கடைசியில் வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்சாரப் பேருந்துகள் கிளம்பின, அவையும் தாழ்தளம்தான். யாரும் மனமிரங்கி வாங்கித் தந்தவை அல்ல இவை. படியேற முடியாதவர்களை வெளியே நிறுத்தும் பேருந்தைப் பொதுப் பணத்தில் வாங்கக் கூடாது என்று வைஷ்ணவி ஜெயக்குமார் போன்ற மாற்றுத்திறனாளி உரிமைச் செயல்பாட்டாளர்கள் உயர் நீதிமன்றத்தில் விடாமல் வழக்காடிய பிறகு வந்தவை. அதனால் "வந்ததே பெரிசு" என்று தட்டிக்கொடுக்காமல், வீல்சேரில் இருப்பவர் துணையில்லாமல் ஏறி இறங்க முடிகிறதா என்ற ஒரே அளவுகோலில் பார்ப்போம்.

வண்டி நன்றாகவே இருக்கிறது. பழைய பேருந்தின் தளம் தரையிலிருந்து சுமார் 900 மி.மீ. உயரம்; வாசலிலேயே படிக்கட்டு. இதில் தளம் 400 மி.மீ. தான், வாசலில் படி கிடையாது. நின்றதும் ஏர் சஸ்பென்ஷனில் (வண்டியைத் தாங்கும் காற்றுப் பைகளில்) காற்றை இறக்கி வண்டி இடப்பக்கமாகச் சாய்ந்து இன்னும் தாழும். நடுவாசலில் கையால் விரிக்கும் மடிப்பு ரேம்ப் (சரிவுப் பலகை), அதை ஒட்டி உள்ளே வீல்சேருக்கான இடம், பெல்ட். காலிப்பர் (காலைத் தாங்கும் கம்பிச் சட்டம்) போட்டவர்கள், ஊன்றுகோல் வைத்திருப்பவர்கள், முழங்கால் தேய்ந்த பெரியவர்கள் எல்லாருக்கும் இது நிம்மதி. உண்மையில் அதிகம் பயனடைவது இவர்கள்தான். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: தாழ்ந்த தளம் வாசல்களுக்கு இடைப்பட்ட பகுதியில்தான். பின்பக்கம் போனால் உள்ளேயே படி வரும், முன்சக்கரத்தின் மேலுள்ள சீட்டும் உயரம். ஊன்றுகோலோடு வருபவர் நடுவாசலைச் சுற்றியுள்ள சீட்டையே கேட்டு வாங்குவது நல்லது.

சிக்கல் ரேம்ப்பில் ஆரம்பிக்கிறது. கொஞ்சம் கணக்குப் போட்டால் புரியும். ரேம்ப் ஒரு மீட்டர் நீளம், வண்டி சாய்ந்து 60 மி.மீ. இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். தளம் 340 மி.மீ. உயரத்தில் நிற்கும். எதிரே 150 மி.மீ. உயரமுள்ள நடைபாதை இருந்தால் வித்தியாசம் 190; சாய்வு ஏறத்தாழ 1:5, அதாவது ஐந்து அடி நீளத்துக்கு ஓரடி உயரம். கட்டடங்களில் கேட்கும் 1:12-ஐ விட இது செங்குத்துதான், ஆனால் யாராவது பின்னாலிருந்து தள்ளினால் ஏறிவிடலாம். அதே ரேம்ப்பை நேராகத் தார்ச்சாலையில் இறக்கினால் சாய்வு 1:3. அதில் கையால் உருட்டும் வீல்சேர் ஏறாது. பலம் போட்டுத் தள்ளினால் பின்பக்கமாகக் கவிழும். பவர் சேர் (மோட்டார் வைத்த வீல்சேர்) என்றால் மோட்டார் திணறும், அல்லது கால்வைக்கும் தட்டு ரேம்ப்பில் முட்டி நிற்கும்.

ஆக, ரேம்ப் வேலை செய்யுமா செய்யாதா என்பதை முடிவு செய்வது நடைபாதை விளிம்பு. வண்டி விளிம்பிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஒட்டி நின்றால்தான் ரேம்ப் நடைபாதையில் விழும். ஸ்டாப்பிங்கில் பைக் நிற்கிறது, ஷேர் ஆட்டோ ஆள் ஏற்றுகிறது, பேருந்து இரண்டாவது லேனில் நின்றுவிடுகிறது. அப்போது 400 மி.மீ. தளம் இருந்தும் பயனில்லை. பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே புதுத் தார் போட்டுக்கொண்டே போனால் விளிம்பு 150-லிருந்து 60, 70-க்குச் சுருங்கிவிடும். சாலை போடும் துறைக்கும் பேருந்து விடும் துறைக்கும் பேச்சுவார்த்தை கிடையாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். எதிர்ப்பக்கக் கோளாறும் உண்டு: விளிம்பு நல்ல உயரம், ஆனால் நடைபாதையின் இரு முனையிலும் சரிவு இல்லை. வீல்சேர் அதில் ஏறவே முடியாதென்றால் ரேம்ப் யாருக்கு? பைக் ஏறாமல் தடுக்க நட்ட குட்டைத் தூண்களுக்கு நடுவே 900 மி.மீ. இடைவெளி வேண்டும், அதைவிடக் குறுக்கினால் பைக்கோடு சேர்த்து வீல்சேரும் வெளியே. நிழற்குடைக்கும் விளிம்புக்கும் நடுவே ரேம்ப் விழ ஒரு மீட்டர், சேர் திரும்ப ஒன்றரை மீட்டர், மொத்தம் இரண்டரை மீட்டர் காலியாக இருக்க வேண்டும். பெஞ்சையும் விளம்பரப் பலகையையும் அங்கேதான் வைப்பார்கள்.

ஏறும் முறை இது. வண்டி 12 மீட்டர் நீளம். முன்வாசல் நிற்கும் இடத்தைக் குறிவைத்துக் காத்திருந்தால் நடுவாசல் பின்னால் போய்விடும். கொஞ்சம் பின்தள்ளி, டிரைவர் கண்ணில் படும்படி விளிம்போரமாக இருங்கள். தூரத்திலேயே கையை உயர்த்துங்கள், இரவில் செல்போன் டார்ச். "ரேம்ப் போடுங்க" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். டிரைவர் வண்டியைச் சாய்த்த பிறகுதான் கண்டக்டர் இறங்கி ரேம்ப்பை விரிக்க வேண்டும், முன்னதாக அல்ல. ஏறும்போது முகம் வண்டியைப் பார்த்து. இறங்கும்போது முதுகு வெளியே பார்க்க, பின்னோக்கி. நேராக இறங்கினால் முன்சக்கரம் ரேம்ப் நுனியில் மாட்டி ஆளை முன்னால் கொட்டிவிடும். உள்ளே போனதும் இரண்டு பிரேக்கையும் போட்டு, பெல்ட்டை மாட்டி, இறங்கும் ஸ்டாப்பை டிக்கெட் வாங்கும்போதே சொல்லிவிடுங்கள். கூட்ட நேரத்தில் வீல்சேர் இடத்தில் நிற்பவர்களை நகர்த்துவது கண்டக்டரின் வேலை, உங்கள் வேலை அல்ல.

ரேம்ப் பழுதாவதற்குப் பெரிய காரணம் ஒன்றுமில்லை. அது தரைக்குள் பதிந்திருக்கிறது. எல்லாரும் மிதிக்கிறார்கள், மழைச் சேறும் மண்ணும் கீல் இடுக்கில் போய் இறுகுகிறது. மாதக்கணக்கில் யாரும் விரிக்காவிட்டால் கைப்பிடி வளையம் அசையாது. பணிமனையில் தினமும் காலை ஒருமுறை விரித்து மடித்துப் பார்த்தால் போதும். மின்சாரப் பேருந்துகளில் இன்னொரு முடிச்சு: ஒப்பந்த முறையில் டிரைவர் தனியார் நிறுவனத்தின் ஆள், கண்டக்டர் கழகத்தின் ஆள். சாய்ப்பது ஒருவர், ரேம்ப் போடுவது இன்னொருவர். இரண்டு பேருக்கும் சேர்த்துப் பயிற்சி தராவிட்டால் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

பார்வையற்றவர்களுக்கு உள்ளே ஸ்டாப் அறிவிப்பு உதவும். ஆனால் வெளியே நிற்பவருக்கு வந்தது 29சி-யா 47-ஆ என்று யார் சொல்வது? வாசல் திறக்கும்போது தட எண்ணைச் சொல்லும் வெளி ஸ்பீக்கர் வேண்டும்.

கட்டணம்: சாதாரணக் கட்டணப் பேருந்தில் மாற்றுத்திறனாளிக்கும் உடன் வருபவருக்கும் இலவசம். அடையாள அட்டை கையில் இருக்கட்டும். டீலக்ஸ் பலகையோடு வரும் வண்டியில் இந்தச் சலுகையை எதிர்பார்க்க வேண்டாம்.

வண்டிக்கு ஐந்துக்கு நான்கு. நிறுத்தங்களுக்கு ஒன்றரை, அதுவும் தாராளம்.

ரேம்ப் போட மறுத்தாலோ நிற்காமல் போனாலோ 149 என்ற புகார் எண்ணுக்கு அழைத்து வண்டியின் பதிவு எண், தட எண், நிறுத்தம், போகும் திசை, நேரம் ஐந்தையும் சொல்லுங்கள்; அவர்கள் தரும் புகார்ப் பதிவு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். நடவடிக்கை இல்லையென்றால் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கு எழுதலாம். மனுவில் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 41-ஆம் பிரிவைக் குறிப்பிடுங்கள், போக்குவரத்து அதில்தான் வருகிறது. 89-ஆம் பிரிவில் முதல் மீறலுக்கு ரூ.10,000 வரை அபராதம், அடுத்தடுத்த மீறலுக்கு ரூ.50,000-லிருந்து ரூ.5 லட்சம் வரை. நிறுத்தத்தில்தான் கோளாறு என்றால் விளிம்பின் உயரத்தை டேப் வைத்து அளந்து, போட்டோவோடு மாநகராட்சிக்குத் தனி மனு போடுங்கள். போக்குவரத்துக் கழகத்துக்கு அனுப்பினால் "எங்கள் துறை இல்லை" என்று திரும்பி வரும்.