பாடப்படம், வீட்டுப்படம், ஊர்ச்செய்தி: எதை எந்தக் காப்பகத்தில் தேடுவது?

1950களில் அமெரிக்கப் பள்ளிகளில் ஓட்டிய பாடப்படம் ஒன்று வேண்டும். அல்லது யாரோ ஒரு அப்பா 8 எம்எம் கேமராவில் பிடித்த பிறந்தநாள் விழா. அதுவும் இல்லை என்றால், ஒரு நகரத்து டிவி நிலையம் அன்றைய மாலைச் செய்திக்காக எடுத்த ரீல். மூன்றையும் ஒரே இடத்தில் தேடப் போனால் நாள் முழுக்க உட்கார்ந்தாலும் கைக்கு ஒன்றும் சிக்காது. பழைய படங்களை வைத்துச் சின்னச் சின்ன வீடியோக்கள் செய்து பழகியதில், நான் மாறி மாறிப் போகும் இடங்கள் நான்கு: பிரெலிங்கர் காப்பகம், பிரிட்டிஷ் பாத்தே, டெக்சாஸ் அசைபடக் காப்பகம், ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் பிரவுன் ஊடகக் காப்பகம்.

பாடப்படம் என்றால் யோசிக்கவே வேண்டாம், பிரெலிங்கர்தான். ரிக் பிரெலிங்கர் 1982இல் நியூயார்க்கில் சேர்க்கத் தொடங்கியது, மற்றவர்கள் குப்பை என்று ஒதுக்கியதை: வகுப்பறைப் படங்கள், கம்பெனி விளம்பரப் படங்கள், தொழிலாளர் பயிற்சிப் படங்கள். வீடியோ கேசட் வந்ததும் பள்ளிகள் தங்கள் 16 எம்எம் ரீல்களைக் கழித்துக் கட்டிய காலம் அது. இருபது வருடத்தில் சேர்ந்தது ஏறக்குறைய 60,000 படங்கள். 2002இல் அந்தத் தொகுப்பை அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் எடுத்துக்கொண்டது. அதற்கு முன்பே இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் படங்களை ஏற்றத் தொடங்கிவிட்டார்கள். அங்கே பார்க்கலாம், டவுன்லோடு செய்யலாம், வெட்டி ஒட்டி நம் படத்தில் சேர்க்கலாம். யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

இவ்வளவு தாராளமாகக் கொடுக்க முடிவதற்குச் சட்டக் காரணம் இருக்கிறது. அமெரிக்காவில் 1964க்கு முன் வெளியான படைப்புகளுக்கு 28ஆம் ஆண்டில் காப்புரிமையை (காப்பிரைட்) புதுப்பித்தாக வேண்டும். பாடப்படம் எடுத்த கம்பெனிகளில் பல அதற்குள் மூடப்பட்டிருந்தன, மற்றவை அக்கறை காட்டவில்லை. அதனால் ஏராளமான படங்கள் பொதுச்சொத்தாகிவிட்டன. அமெரிக்க மத்திய அரசு ஊழியர்கள் வேலையின் பகுதியாக எடுத்த படங்களுக்கு முதலிலிருந்தே காப்புரிமை கிடையாது. தொழில்முறையாக உரிமப் பத்திரம் வேண்டும் என்பவர்களுக்கு படக்காட்சிகளை விற்கும் கெட்டி இமேஜஸ் நிறுவனம் மூலம் இதே காட்சிகள் விலைக்கும் கிடைக்கின்றன. இலவசமாகத் திறந்துவிட்ட பிறகும் அந்த விற்பனை படுக்கவில்லை, கூடத்தான் செய்தது என்று பிரெலிங்கரே சொல்லியிருக்கிறார். எனக்கு இந்த ஒரு விஷயத்துக்காகவே அவர் மேல் பெரிய மரியாதை.

குறை இல்லாமல் இல்லை. ஆரம்ப வருடங்களில் ஏற்றியவை வீடியோ டேப் வழியாக மாற்றியவை, பெரிய திரையில் ஓட்டினால் மங்கலாகத் தெரியும். நேராக ஃபிலிமிலிருந்து ஸ்கேன் செய்த புதிய பிரதி இருக்கிறதா என்று பார்த்து எடுப்பது நல்லது. படங்களுக்கான குறிப்புகளும் ஒரே சீராக இருக்காது. ஒரு படத்துக்கு ஷாட் வாரியாக எழுதியிருப்பார்கள், அடுத்ததற்குத் தலைப்பு மட்டும்தான்.

தெளிவு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு உதாரணம். டிராம் வண்டியின் முன்னால் கேமராவை வைத்து சான்பிரான்சிஸ்கோவின் மார்க்கெட் தெரு முழுவதும் எடுத்த 13 நிமிட மௌனப்படம் ஒன்று உண்டு. பிரெலிங்கர் தொகுப்பிலும் இருக்கிறது. 1905 செப்டம்பரில் எடுத்தது என்றுதான் வெகுகாலம் நம்பினார்கள். டேவிட் கீன் என்ற திரைப்பட வரலாற்றாளர் தெருவில் தேங்கியிருந்த மழைநீரைக் கவனித்தார். அந்த 1905 செப்டம்பரில் அங்கே மழையே இல்லை. ஒரு காரின் நம்பர் பிளேட்டைப் படித்துப் பதிவேட்டில் தேடினால், அது 1906இன் தொடக்கத்தில் பதிவானது. இப்படித் துருவித் துருவிப் போனதில், 1906 ஏப்ரல் 18 நிலநடுக்கத்துக்குச் சில நாட்களே முன்பு எடுத்த படம் அது என்று தெரிந்தது. கேமராவுக்குக் குறுக்கே ஓடிச் சிரிக்கும் பையன்களை அதற்கப்புறம் பழைய மாதிரி பார்க்க முடியவில்லை. மங்கலான பிரதியில் நம்பர் பிளேட்டைப் படித்திருக்க முடியுமா?

பிரிட்டிஷ் பாத்தேவைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். 1910 முதல் 1970 வரை திரையரங்குகளில் ஓட்டிய செய்திப்படங்கள். 2014இல் சுமார் 85,000 படங்களை யூடியூபில் ஏற்றினார்கள். தேடுவது சுலபம், தலைப்பு தேதி எல்லாம் ஒழுங்காக இருக்கும். ஆனால் பார்ப்பதற்குத்தான் இலவசம், பயன்படுத்த உரிமம் வாங்க வேண்டும். இன்னொன்று, இவை தேசம் முழுக்க ஓட்டுவதற்காகத் தேர்ந்தெடுத்து, இசையும் வர்ணனையும் சேர்த்துச் செதுக்கியவை. ஒரு சிற்றூரின் சாதாரணச் செவ்வாய்க்கிழமையை இதில் எதிர்பார்க்கக் கூடாது.

வீட்டுப்படங்களுக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்தது இந்தப் பகுதிதான். 2002க்குப் பிறகு பிரெலிங்கர் வீட்டுப்படங்களை மும்முரமாகச் சேர்த்தார், எண்ணிக்கையில் அது பெரிய தொகுப்பு. ஆனால் இந்த மாதிரி ரீல்கள் பலவும் ஏலத்திலும் பழைய பொருள் சந்தையிலும் கைமாறி வருபவை. டப்பா கைமாறும்போதே பெயர்கள் தொலைந்துபோகின்றன. மெழுகுவர்த்தியை ஊதும் சிறுமி யார், எந்த ஊர், எந்த வருடம் என்று சொல்ல ஆளில்லை.

டெக்சாஸ் காப்பகம் இதை வேறு விதமாகச் செய்கிறது. 2002இல் ஆஸ்டினில் கரோலின் ஃபிரிக் தொடங்கிய நிறுவனம் அது. டெக்சாஸ் சம்பந்தப்பட்ட படமாக இருந்தால், வீட்டில் கிடக்கும் ரீலையும் கேசட்டையும் கொண்டுவரலாம், இலவசமாக டிஜிட்டலாக்கித் தருவார்கள். மூலப்படம் குடும்பத்துக்கே திரும்பிவிடும், ஒரு டிஜிட்டல் பிரதி காப்பகத்துக்கு. ரீலோடு குடும்பமும் வருகிறது என்பதுதான் இதில் விசேஷம். இது எங்கள் தாத்தா, அது பக்கத்து வீட்டுக்காரர், இந்தக் கடை இப்போது இல்லை என்று சொல்ல ஒருவர் இருக்கிறார். சட்டப்படியும் இது வசதி. வெளியிடப்படாத வீட்டுப்படத்தின் காப்புரிமை, எடுத்தவர் இறந்து 70 ஆண்டுகள் வரை இருக்கும், ரீலை விலைக்கு வாங்கியதால் மட்டும் அது கைமாறாது. எல்லை என்றால் டெக்சாஸோடு நின்றுவிடுகிறது, அவ்வளவுதான். வீட்டுப்படம் மட்டும் என்றால் நான் பிரெலிங்கரைவிட இதற்கே ஒரு படி கூடுதலாகப் போடுவேன்.

நிறத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், புதிதாகப் பார்க்கிறவர்கள் குழம்புவார்கள். கம்பெனி எடுத்த வண்ணப் பாடப்படம் ரோஸ் கலராக வெளிறியிருக்கும், அதே காலத்து வீட்டுப்படத்தில் சிவப்புச் சட்டை இன்றும் பளிச்சென்று இருக்கும். பள்ளிகளுக்குப் போன பல பிரிண்டுகள் ஈஸ்ட்மன்கலர் வகை, அதில் நீலப்பச்சைச் சாயம் முதலில் போய்விடும். வீட்டுக்காரர்கள் விரும்பி வாங்கியது கோடாக்ரோம், இருட்டில் வைத்திருந்தால் அதன் நிறம் எளிதில் மங்காது.

ஊர்ச் செய்திக்கு முதல் மூன்றும் போதாது. 1970களின் நடுப்பகுதி வரை அமெரிக்க ஊர் டிவி நிலையங்கள் செய்தியை 16 எம்எம் ஃபிலிமில் எடுத்தன. பிறகு வீடியோ டேப் வந்தது, டேப்பை அழித்து மறுபடி பதிவு செய்ய முடியும் என்பதால் நிறைய அழிந்துபோனது. ஃபிலிம் தப்பித்தது என்றால் பெரும்பாலும் ஏதோ ஒரு பல்கலைக்கழகம் வாங்கி வைத்ததால்தான். அட்லாண்டாவின் டபிள்யூஎஸ்பி நிலையத்து ரீல்கள் அப்படி ஜார்ஜியா பல்கலைக்கழகத்துக்கு வந்தவை. அதிலும் அதே மாநிலத்தின் ஆல்பனி நகர நிலையத்தின் ரீல்களிலும் இருந்து எடுத்த சுமார் 30 மணி நேரக் காட்சிகள், கறுப்பின மக்களின் சம உரிமைப் போராட்டத்துக்கான குடிமை உரிமைகள் டிஜிட்டல் நூலகம் என்ற தளத்தில் 2008 முதல் பார்க்கக் கிடைக்கின்றன.

இந்தக் கிளிப்புகளைப் படம் என்றே சொல்ல முடியாது. பாதியில் தொடங்கும், ஒலி திடீரென்று நிற்கும், யாரோ பேச வாயெடுக்கும்போது வெட்டுப்படும். செய்தியாளர் ஸ்டுடியோவில் நேரலையில் வாசித்த வர்ணனை பெரும்பாலும் ஃபிலிமில் இல்லவே இல்லை. ஆனால் குறிப்பு எழுதியவர்களின் உழைப்பைப் பாருங்கள். கேமரா எந்தப் பக்கம் திரும்புகிறது, பேசுபவர் யார், ஒலி எங்கே அறுகிறது, எந்தச் சொல் கேட்கவில்லை என்பது வரை எழுதி, அந்த வாரம் அந்த ஊரில் என்ன நடந்தது என்பதையும் சேர்த்திருக்கிறார்கள். நான்கில் குறிப்புக்கு முதலிடம் தயங்காமல் இதற்குத்தான். மறுபயன்பாட்டுக்குக் காப்பகத்திடம் எழுதிக் கேட்க வேண்டும், அதற்கு நாளாகும். அவசரத்துக்கு ஆகாது.

அதனால் என் வழக்கம் இப்படி ஆகிவிட்டது. வெட்டிச் சேர்க்க வேண்டும், வேலை நாளைக்கே முடிய வேண்டும் என்றால் பிரெலிங்கர். ஒரு சம்பவத்தின் தேதியைச் சரிபார்க்க பாத்தே. மனிதர்களைப் பெயரோடு பார்க்க டெக்சாஸ். போராட்டம், வழக்கு, ஊர்க்கூட்டம் என்றால் ஜார்ஜியாவுக்கு முதலில் கடிதம் எழுதிவிட்டு, பதில் வரும் வரை அந்தக் குறிப்புகளைப் படித்துக்கொண்டிருப்பேன்.