ஜிகோகுதானி பனிக்குரங்குகள்: பஸ்ஸா, ரயிலா, டூரா?

கொட்டும் பனியில், வெந்நீர்க் குளத்தில் கழுத்தளவு முங்கி, கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும் குரங்குகளை டோக்கியோவிலிருந்து ஒரே நாளில் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பலாம். இடம், நாகானோ மாகாணத்தில் உள்ள ஜிகோகுதானி குரங்குப் பூங்கா. சுமார் 850 மீட்டர் உயரத்தில், யோகோயு ஆற்றுப் பள்ளத்தாக்கில் 1964 முதல் இயங்குகிறது. வேலியோ கூண்டோ கிடையாது. காலையில் மலையிலிருந்து இறங்கி வரும் குரங்குகள் மாலையில் காட்டுக்குத் திரும்பிவிடும். இதனால் எப்படிப் போகிறோம் என்பதைவிட எத்தனை மணிக்குப் போய்ச் சேருகிறோம் என்பதே முக்கியம். வழிகளையும் அந்தக் கணக்கில்தான் எடைபோட வேண்டும்.

நாகானோ வரை பெரிதாக யோசிக்க ஒன்றுமில்லை, ஹொகுரிகு ஷின்கான்சென் என்ற புல்லட் ரயில்தான். அதில் ககயாகி என்ற வேக வண்டி ஒன்றரை மணி நேரத்துக்குள் கொண்டுபோய் விடும், ஆனால் எல்லாமே முன்பதிவு இருக்கைகள். அசாமா என்ற வண்டி இருபது நிமிடம் கூடுதலாக எடுக்கும், முன்பதிவில்லாப் பெட்டி உண்டு. ஜப்பான் ரயில்வேயின் சுற்றுலாச் சீட்டான ஜே.ஆர். பாஸ் இந்த இடத்தோடு சரி. இதற்கு மேல் ரயிலும் பஸ்ஸும் நாகாதென் என்ற தனியார் நிறுவனத்துடையவை; பாஸை நீட்டினால் கேட்டில் திருப்பி அனுப்புவார்கள்.

நாகானோவிலிருந்துதான் போட்டி தொடங்குகிறது.

எக்ஸ்பிரஸ் பஸ்: ஸ்டேஷனின் கிழக்கு வாசலில் ஷிகா கோகென் என்ற பனிச்சறுக்குத் தலத்துக்குப் போகும் பஸ்ஸில் ஏறி ‘ஸ்னோ மங்கி பார்க்’ நிறுத்தத்தில் இறங்க வேண்டும். சுமார் 45 நிமிடம், மாறி ஏறும் வேலை இல்லை. சிக்கல் என்னவென்றால், அதே பஸ்ஸில்தான் பனிச்சறுக்குக்குப் போகிறவர்களும் நீளமான பைகளோடு வருவார்கள். ஜனவரி, பிப்ரவரி சனி ஞாயிறுகளில் முன்கூட்டியே வரிசையில் நின்றால்தான் இடம். ஒரு பஸ்ஸை விட்டால் அடுத்ததற்கு நெடுநேரம் காத்திருக்க நேரும்.

ரயில்: நாகாதென் நடைமேடை நிலத்தடியில், ஸென்கோஜி வாசல் பக்கம் இருக்கிறது. விரைவு ரயிலில் கடைசி ஸ்டேஷனான யுதனாகாவுக்கு 45 முதல் 50 நிமிடம், சாதா ரயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல். யுகெமுரி என்ற வண்டி கிடைத்தால் விடாதீர்கள். டோக்கியோவின் ஓடாக்யு நிறுவனம் ஓட்டிய ரொமான்ஸ்கார் என்ற பழைய சுற்றுலா ரயில் அது. ஓட்டுநர் மாடியில் உட்காருவதால் முன்வரிசைக் கண்ணாடி முழுவதும் பயணிகளுக்கே. யுதனாகாவிலிருந்து, நடைபாதை தொடங்கும் இடத்துக்கு அருகிலுள்ள கான்பயாஷி வரை உள்ளூர் பஸ், பத்துப் பதினைந்து நிமிடம். ரயிலும் பஸ்ஸும் எப்போதும் சரியாகப் பொருந்தி வராது. காலை நேரத்தை விழுங்குவது இந்த இடைவெளிதான்.

எங்கள் கட்சி: போகும்போது பஸ், வரும்போது ரயில். மாலையில் காத்திருக்க நேர்ந்தாலும் யுதனாகா ஸ்டேஷனை ஒட்டியே காஎதெ நோ யு என்ற பொதுக் குளியலிடம் இருக்கிறது. குரங்கு குளித்ததைப் பார்த்த கையோடு நாமும் குளித்துவிடலாம். இரண்டு வழிக்கும் சேர்த்து, பூங்கா நுழைவுச்சீட்டும் அடங்கிய ‘ஸ்னோ மங்கி பாஸ்’ நாகானோவிலேயே கிடைக்கும்.

டூர்: டோக்கியோவிலிருந்தே சாலை வழியாகக் கூட்டிப்போகும் பஸ் டூரில் ஒரு வழிக்கே நான்கு மணி நேரம் போய்விடும். நாள் முழுக்க பஸ்ஸில் கழித்துவிட்டு, குரங்குகளிடம் அவசரப்படுவதில் அர்த்தமில்லை. நாகானோவில் தொடங்கி ஸென்கோஜி கோயிலையும் சேர்த்துக் காட்டும் டூர் வேறு ரகம். பெரியவர்களோடு போகிறவர்களுக்குக் கொடுத்த காசு வீணாகாது.

வாடகைக் கார் பனிக்காலத்தில் லாபமில்லை. பனி டயர் கட்டாயம் வேண்டும், பூங்காவுக்கு அருகில் உள்ள பார்க்கிங்குக்குப் போகும் சாலையும் அப்போது மூடியிருக்கும்.

எதில் போனாலும் கடைசி 1.6 கிலோமீட்டர் காட்டுப்பாதையில் நடந்தே ஆக வேண்டும். 30 முதல் 40 நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். பாதை பெரும்பாலும் சமம்தான், முடிவில் படிகள் உண்டு. ஏற்றம் பிரச்சினை இல்லை, தரைதான் பிரச்சினை: பலர் மிதித்து இறுகிய பனி கண்ணாடிபோல் வழுக்கும். சாதாரண ஸ்போர்ட்ஸ் ஷூவில் விழாமல் வருவது அதிர்ஷ்டம். பாதை தொடக்கத்தில் உள்ள கடையில் பூட்ஸ் வாடகைக்குக் கிடைக்கும். ஷூவுக்கு மேல் மாட்டும் முள்பட்டை இருந்தால் இன்னும் நல்லது. தள்ளுவண்டியில் குழந்தையைக் கொண்டுபோக முடியாது.

பனியும் குளியலும் சேர்ந்து வேண்டுமானால் ஜனவரி, பிப்ரவரி. டிசம்பரில் பனி இருக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. இலையுதிர்காலம் இணைசேரும் பருவம், குரங்குகள் வராமலே போகும் நாட்கள் உண்டு. கோடையில் குட்டிகளைப் பார்க்கலாம், ஆனால் தண்ணீரில் இறங்குவது அரிது. குளிருக்காகத்தானே அவை குளிக்கின்றன! குளிக்கும் பெண் குரங்குகளிடம் மன அழுத்த ஹார்மோன் குறைவதை 2018-இல் வெளியான கியோட்டோ பல்கலைக்கழக ஆய்வு காட்டியது. கிளம்பும் முன் பூங்காவின் நேரலைக் கேமராவை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

வடக்கே ஹொக்கைடோ தீவில் உள்ள ஹக்கோடாதே வெப்பமண்டலத் தாவரத் தோட்டத்திலும் டிசம்பர் முதல் மே தொடக்கம் வரை குரங்குகள் வெந்நீரில் குளிக்கும். நடை குறைவு, கட்டணமும் குறைவு. ஆனால் அவை அடைப்புக்குள் வளர்பவை, பார்வையாளர்கள் மேலிருந்து பார்க்க வேண்டும். ஹொக்கைடோவுக்கு எப்படியும் போகிறவர்கள் சேர்த்துக்கொள்ளலாம். டோக்கியோவிலிருந்து இதற்காக மட்டும் போவது வீண்.

ஜிகோகுதானியில் குரங்குகள் காலடியில் நடமாடும். பெரிய டெலிஃபோட்டோ லென்ஸ் தேவையில்லை. ஆவி படிந்த லென்ஸைத் துடைக்க உலர்ந்த துணிதான் அவசியம். தின்பண்டத்தை வெளியே எடுக்காதீர்கள், பிளாஸ்டிக் பை கையில் தொங்க வேண்டாம், கண்ணுக்குக் கண் முறைக்காதீர்கள், செல்ஃபி ஸ்டிக்குக்கும் தடை. குளிர்காலத்தில் பூங்கா 9 மணிக்குத் திறந்து 4 மணிக்கு மூடும். 11 மணிக்குள் உள்ளே போய், 3 மணிக்கு இறங்கத் தொடங்கினால் வெளிச்சம் இருக்கும்போதே ஸ்டேஷனை எட்டிவிடலாம்.