மடலையே எடுப்பதா, உள்ளே மட்டும் எடுப்பதா: கானாக்காரன் காதும் வலிப்பு ஆபரேஷனும்

வியாசர்பாடியில் எங்கள் பக்கத்துத் தெருப் பையன் கானா பாடுவான். இரண்டு மருந்துகளை ஒழுங்காகச் சாப்பிட்டும் ஃபிட்ஸ் அடங்கவில்லை. மூளையின் இடப்பக்கப் பொட்டு மடலில், அதாவது நெற்றிப்பொட்டுக்கு உள்ளே இருக்கும் பகுதியில், ஆபரேஷன் என்று சொல்லிவிட்டார்கள். நான் ஆடியோகிராம், அதாவது காது கேட்கும் சோதனை, எடுக்கிறவன் என்பதால் அவன் அம்மா வந்து கேட்டார்: "ஏம்பா, புள்ளைக்கு காது போயிடுமா?"

போகாது. ஒரு காதில் விழும் ஒலி மூளைத்தண்டிலேயே பிரிந்து இரண்டு பக்க மடல்களுக்கும் போய்ச் சேர்கிறது. ஒரு பக்கம் குறைந்தாலும் செவிடு ஆவதில்லை. பார்வைக்கு இந்த வசதி கிடையாது. மடல் நீக்கத்தில் எதிர்ப்பக்க மேல்மூலைப் பார்வை மங்கலாம்.

முதல் வழி, மடலின் முன்பகுதியையே எடுப்பது. இடப்பக்கம் என்றால் சுமார் 4 செ.மீ., வலப்பக்கம் இன்னும் சற்றுத் தாராளம். கனடாவில் 80 பேரிடம் நடந்து 2001-இல் வெளியான ஆய்வில், ஓராண்டுக்குப் பின் நினைவு தப்பும் வலிப்பு இல்லாதவர்கள் ஆபரேஷன் பக்கம் 58 சதவீதம், மருந்துப் பக்கம் 8 சதவீதம்.

இரண்டாவது, மடலின் உட்பக்கத்தில் இருக்கும் ஹிப்போகாம்பஸ், அமிக்டலா என்ற இரண்டு சிறு பகுதிகளை மட்டும் எடுப்பது. கேட்க மென்மையாக இருக்கிறது. ஆனால் மடலுக்கு மேலே இருக்கும் மடிப்பு இடுக்கு வழியாக உள்ளே போகும்போது மடலின் காம்பில் இருக்கும் நரம்பிழைகள் அறுபடும். ஃபிட்ஸை நிறுத்துவதிலும் மடல் நீக்கம்தான் கொஞ்சம் முந்துகிறது. 'சின்ன ஆபரேஷன்' என்ற பேரில் மயங்க வேண்டாம்.

என்னைக் கேட்டால் காதுக்கு முக்கியம் வேறு. ஒலியை முதலில் வாங்குவது மடலின் மேல்தளத்தில், பின்னால் ஒளிந்திருக்கும் ஹெஷ்ல் மடிப்பு. வழக்கமான மடல் நீக்கம் அதுவரை போகாது. வலப்பக்கம் வெட்டு அதைத் தொட்டுவிட்டால், சுருதி ஏறுகிறதா இறங்குகிறதா என்று சொல்லத் திணறுவார்கள். வலப்பக்கம் எடுத்தவர்கள் நாதத்தின் குணத்தைப் பிரித்தறிவதிலும் சுரவரிசையை நினைவில் வைப்பதிலும் பின்தங்கியதை மூளை ஆய்வாளர் பிரெண்டா மில்னர் 1962-இலேயே காட்டினார். இடப்பக்கத்தில் அடிபடுவது சொல்: பெயர் வராது, கேட்ட வரி நிற்காது. அந்த இடத்திலேயே வார்த்தை கட்டிப் பாடும் கானாக்காரனுக்கு இதுதான் பயம். சுருதி லேசாக விலகினால் டோலக் சமாளித்துக்கொள்ளும்.

சாதாரண ஆடியோகிராமில் இதெல்லாம் சிக்காது. கண்ணாடி அறைக்குள் 'பீப்' சரியாகக் கேட்கும். தீபாவளிக் கூட்டத்தில் எம்.சி. ரோட்டில் கூப்பிட்டால்தான் புரியாமல் நிற்பார்கள். இரண்டு காதிலும் ஒரே நேரத்தில் வெவ்வேறு எண்களைச் சொல்லிப் பார்க்கும் சோதனை இருக்கிறது. ஆபரேஷனுக்குப் பின் பெரும்பாலும் எதிர்ப்பக்கக் காதின் மதிப்பெண் இறங்கும். முன்னால் எடுத்த தாள் இல்லாவிட்டால் எவ்வளவு இறங்கியது என்று எப்படிச் சொல்வது?

மேல் மடிப்பை விட்டுவைத்து மடலை எடுப்பதாக டாக்டர் சொன்னால் சம்மதிக்கலாம் என்றேன். போன வாரம் எண் சோதனை எடுத்தேன். இரண்டு காதிலும் தவறில்லை. தாளை ரேஷன் கார்டு கவருக்குள் வைத்துக்கொண்டு போனார் அம்மா.