பன்னிரண்டு வருடம் டொமைன் வைத்திருந்த அனுபவம்: காலாவதி ஆனால் என்ன நடக்கும்?

2010-ல் எங்கள் அச்சகத்துக்காக ஒரு டாட் காம் டொமைன், அதாவது இணையதள முகவரிப் பெயர், வாங்கினேன். தானாகவே புதுப்பிக்கும் ஆட்டோ ரினியூ போட்டதோடு அதை மறந்தும் போனேன். பதினோரு வருடம் ஒரு தொந்தரவும் இல்லை.

2021 அக்டோபரில் ரிசர்வ் வங்கியின் புது விதி வந்தது. கார்டில் தானாகப் பணம் எடுக்க நம் ஒப்புதலைத் தனியாகப் பதிய வேண்டும். நான் பதியவில்லை. நவம்பரில் ரினியூ பணம் போகவில்லை, பெயர் காலாவதி.

டாட் காம் போன்ற பெயர்களுக்கு விதி வகுக்கும் ஐகேன் அமைப்பு, 2013 முதல் இதற்கென்றே ஒரு கொள்கை வைத்திருக்கிறது. காலாவதிக்குச் சுமார் ஒரு மாதம் முன்பு ஒன்று, ஒரு வாரம் முன்பு ஒன்று, முடிந்த ஐந்து நாளுக்குள் இன்னொன்று என்று ரிஜிஸ்ட்ரார் (நமக்குப் பெயரைப் பதிந்து தரும் நிறுவனம்) நமக்கு நினைவூட்ட வேண்டும். முதல் இரண்டும் வந்திருக்கின்றன, விளம்பர மெயில்களுக்கு நடுவே. மூன்றாவது எனக்கு வரவே வழியில்லை. கணக்கில் நான் கொடுத்திருந்த மெயில் முகவரியே அதே டொமைனில்தான், பெயர் முடங்கியதும் அந்த மெயிலும் நின்றுவிட்டது! வீட்டுச் சாவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிய கதை.

"அண்ணே, உங்க சைட்ல என்னமோ விளம்பரமா வருது" என்று ஒரு வாடிக்கையாளர் சொன்னார். ஏதோ வைரஸ் என்று விட்டுவிட்டேன். ஆர்டரெல்லாம் வாட்ஸ்அப்பில் வருவதால் மெயில் நின்றதும் உறைக்கவில்லை. உண்மையில் அந்த முடக்கமே நமக்கான எச்சரிக்கைதான். பெயரை அழிப்பதற்கு முன், நாம் ரினியூ செய்யக்கூடிய கடைசி எட்டு நாளாவது தளத்தை நிறுத்தி வைக்கச் சொல்கிறது விதி. அதற்குப் பிறகு ரிஜிஸ்ட்ரார் அதை ஏலத்திலும் விடலாம், எல்லாம் அவர்கள் ஒப்பந்தத்தைப் பொறுத்தது. அதை யார் படிக்கிறோம்?

என் நல்ல நேரம், ஏலத்துக்குப் போகாமல் அழிப்புக்குப் போயிருந்தது. அழித்த பின் 30 நாள் ரெடம்ப்ஷன் காலம், பழைய உரிமையாளர் மட்டும் மீட்கலாம். ஆனால் ஆயிரத்துச் சொச்சத்தில் முடிய வேண்டியதற்கு ஏழாயிரத்துக்கு மேல் கட்டினேன். 1999 கிறிஸ்துமஸ் சமயத்தில் மைக்ரோசாஃப்டே, ஹாட்மெயிலுக்குள் நுழையப் பயன்பட்ட பாஸ்போர்ட் டாட் காமுக்குப் பணம் கட்ட மறந்து, ஹாட்மெயில் தடுமாறி, யாரோ ஒரு புரோகிராமர் 35 டாலர் கட்டிக் காப்பாற்றினார். எனக்கு அப்படி யாரும் வரவில்லை.

இப்போது ஐந்து வருடத்துக்கு மொத்தமாகக் கட்டிவிட்டேன். கணக்கின் மெயில் முகவரியையும் வேறு இடத்துக்கு மாற்றிவிட்டேன்.

அப்புறம், கூடுதலாக வைத்திருந்த இன்னொரு பெயரை வேண்டாம் என்று 2022-ல் விட்டேன். 30 நாள் ரெடம்ப்ஷன், 5 நாள் காத்திருப்பு, அது முடிந்ததும் யாரோ பிடித்துவிட்டார்கள். அந்தப் பெயரில் இருந்த மெயில் முகவரிகளைக் கொடுத்துத் திறந்த கணக்குகளை மட்டும் முன்பே மாற்றியிருந்தேன். இல்லாவிட்டால் பாஸ்வேர்ட் மாற்றும் மெயில்கள் புது ஆளுக்குப் போகும். இன்று அந்த முகவரியைத் தட்டினால் ரம்மி ஆடக் கூப்பிடுகிறது. அதை அச்சிட்ட விசிட்டிங் கார்டு இரண்டு பெட்டி மிச்சம். பின்பக்கம் காகிதக் கணக்கு எழுதிக்கொண்டிருக்கிறோம்.