ஊருக்கொரு வீடியோ, பருவத்துக்கொரு வீடியோ: எஃப்எஃப்எம்பெக்கில் துண்டு ஒட்டும் வேலை

குறுவை, சம்பா, தாளடி என மூன்று பருவம். தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறை, திருத்துறைப்பூண்டி என ஐந்து ஊர். விதை நெல் கடைக்கு இவை எல்லாவற்றுக்கும் தனித்தனி வாட்ஸ்அப் வீடியோ வேண்டுமென்றால் 15 வீடியோவை உட்கார்ந்து எடிட் செய்ய வேண்டியதில்லை. முகப்பு 1, பருவம் 3, ஊர் 5, தண்ணீர் திறப்புத் தேதி 1, முடிவு 1 என்று 11 துண்டு போதும். துண்டுகளின் பெயரை வரிசையாக ஒரு கோப்பில் எழுதி, எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச வீடியோ மென்பொருளின் கான்கேட் (துண்டுகளை வரிசையாக இணைக்கும்) முறையில் படத்தை மறுபடி என்கோட் செய்யாமல் (புதிதாகச் சுருக்காமல்) ஒட்டினால், பழைய லேப்டாப்பிலும் சட்டென்று முடிந்துவிடும்.

ஒட்டுவது சுலபம். துண்டுகளைத் தயார் செய்வதில்தான் முழு உழைப்பும் இருக்கிறது. எல்லாத் துண்டும் ஒரே அளவில் இருக்க வேண்டும்: 1280க்கு 720 பிக்சல், நொடிக்கு 30 ஃப்ரேம், ஹெச்.264 என்ற வீடியோ வடிவம், ஆடியோ 48,000 ஹெர்ட்ஸ் ஸ்டீரியோ. போனில் எடுத்த வீடியோவில் ஃப்ரேம் வேகம் ஏறி இறங்கும். முதலிலேயே 30 என்று நிலைப்படுத்தாவிட்டால் வாயசைவும் பேச்சும் பிசகும். 44,100 ஹெர்ட்ஸ் துண்டு ஒன்று நடுவில் புகுந்தால் அங்கிருந்து குரலே மாறிப்போகலாம். சத்தமே இல்லாத துண்டுக்கும் மௌன ஆடியோ டிராக் ஒன்றைச் சேர்த்தே ஆக வேண்டும்.

பலர் கவனிக்காத இடம் ஏஏசி என்ற சுருக்கிய ஒலி வடிவம். அது 1,024 மாதிரிகள் கொண்ட கட்டங்களாகத்தான் ஒலியைச் சேமிக்கும். 48,000 ஹெர்ட்ஸில் ஒரு கட்டம் சுமார் 21 மில்லிநொடி. படத்தின் நீளமும் ஒலியின் நீளமும் சரியாகப் பொருந்தாமல், ஒட்டிய இடத்தில் 'டிக்' என்று கேட்கும். துண்டுகளில் ஆடியோவை பிசிஎம் (சுருக்கப்படாத ஒலி) ஆக வைத்திருந்து, ஒட்டும்போது படத்தை அப்படியே நகலெடுத்து, ஆடியோவை மட்டும் ஒரே முறை ஏஏசி ஆக்குவதே நல்ல வழி. சத்த அளவை, அதைச் சீராக்கும் லவுட்நார்ம் ஃபில்டரில் -16 எல்யூஎஃப்எஸ் (சத்தத்தின் அலகு) அளவுக்குக் கொண்டுவரலாம். ஆனால் அது ஆடியோவை 192 கிலோஹெர்ட்ஸுக்கு ஏற்றிவிடும். 48,000 என்று திரும்பக் குறிப்பிட மறக்கக் கூடாது.

ஊர்ப் பெயரைத் தனியாகப் பேசிப் பதிந்து வாக்கியத்தின் நடுவே செருகுவது தமிழுக்கு ஒத்துவராது. கும்பகோணத்தில், மன்னார்குடியில், தஞ்சாவூரில் என்று ஒவ்வொன்றும் ஒரு மாதிரி முடியும். ஊருக்கு ஒரு முழு வாக்கியமாகவே பதிய வேண்டும். திரையில் வரும் எழுத்துக்கு, எஃப்எஃப்எம்பெக்கின் எழுத்து வரையும் ஃபில்டரான டிராடெக்ஸ்ட்டைவிட ஏஎஸ்எஸ் என்ற கோப்பு வகையில் எழுதிய சப்டைட்டில் நம்பகமானது. பழைய பதிப்புகளின் டிராடெக்ஸ்ட்டில் 'கொ' உடைந்து, கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். எழுத்தை ஊர்த் துண்டிலேயே பதித்துவிட்டால் கடைசியில் மறு என்கோடிங் வராது.

தேதித் துண்டைத் தனியாக வைக்கக் காரணம் மேட்டூர். வழக்கமான நாள் ஜூன் 12 என்றாலும் 2022இல் மே 24, 2024இல் ஜூலை 28 அன்றுதான் அணை திறந்தது. அறிவிப்பு வந்ததும் அந்த ஒரு துண்டை மட்டும் மாற்றி ஒட்டும் கட்டளைகளை எழுதிவைத்த பேட்ச் கோப்பை ஓடவிட்டால், 15 வீடியோவும் அன்றைக்கே தயார்.